செக்கிழுத்தவரும் நாற்பது புத்தகக்காரரும்

எங்க வீட்டு பீரோவுல, வீட்டுப் பத்திரத்துக்குக் கீழே ஒரு பச்சை ஃபைல் இருக்கு. தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றி நான் எழுதி வைத்திருக்கும் நூத்தி எண்பது பக்கம். குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணாரப்பேட்டைன்னு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையா அலைஞ்சு, பெரியவர்கள்கிட்ட கேட்டுக் கேட்டு எழுதியது. எழுதி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. அச்சுக்குக் கொடுக்கலை.

காரணம் கேட்டால் நேரமில்லை, காசில்லை, இன்னொரு தடவை பிழை திருத்தணும்னு ஏதாவது சொல்லுவேன். எல்லாம் சும்மா. உண்மையான காரணம் பயம்தான். "இதெல்லாம் ஒரு புஸ்தகமா?"ன்னு யாராவது கேட்டுருவாங்களோ என்று ஒரு பயம். யாருமே ஒண்ணும் கேட்காமப் போயிருவாங்களோ என்பது அதைவிடப் பெரிய பயம். பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லாமல், சொந்தக் காசில் புத்தகம் போட நினைக்கிற எல்லோருக்கும் இந்த ரெண்டும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எழுதுகிற உங்களுக்குத் தெரியாததா?

இந்தப் பயத்தைப் போக்க ஏகப்பட்ட தன்னம்பிக்கைப் புத்தகம் இருக்கு. நானும் ரெண்டு மூணு வாங்கிப் படிச்சேன். படிக்கிறப்ப நல்லாத்தான் இருந்தது. மறுநாள் காலையில் ஃபைல் அதே இடத்தில்தான் இருந்தது :-)

அப்புறம்தான், தமிழில் இந்த வகைப் புத்தகத்துக்கு முன்னோடி யார் என்று தேடிப் பார்க்கத் தோணிச்சு. தேடினால் வந்து நிற்கிறவர் நம்ம ஊர்க்காரர். வ.உ.சி.!

பாளையங்கோட்டையில் வளர்ந்தவங்களுக்கு வ.உ.சி. என்றால் முதலில் ஒரு மைதானம். சுதந்திர தினக் கொடியேற்றம், கிரிக்கெட், சாயங்கால நடை எல்லாம் அங்கேதான். தூத்துக்குடிக்காரங்களுக்கு அவர் ஒரு துறைமுகம். கப்பல் விட்டார், செக்கிழுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் ரெண்டு வரி படிச்சிருப்போம். அவர் ஒரு எழுத்தாளர், அதுவும் கையில் காசில்லாமல் தன் புத்தகங்களைத் தானே முயன்று அச்சுக்குக் கொண்டுவந்த எழுத்தாளர் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12-ம் தேதி சுப்பிரமணிய சிவாவோடு சேர்த்து அவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. கடைகள் மூடின, இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி ஆபீஸும் தபால் ஆபீஸும் கொளுத்தப்பட்டன. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ரெண்டு ஆயுள் தண்டனை, கூட்டினால் நாற்பது வருஷம். அப்போ வ.உ.சி.க்கு வயசு முப்பத்தஞ்சு. மேல்முறையீட்டுக்குப் பிறகு அது ஆறு வருஷமாகக் குறைந்தது.

கோயம்புத்தூர் சிறையில் மொட்டையடித்து, முரட்டுத் துணி கொடுத்து, மாட்டுக்குப் பதிலாக செக்கில் கட்டி இழுக்க விட்டார்கள். அங்கிருந்து கண்ணனூர் சிறை. இதற்கிடையில் 1911-ல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாக கப்பல் வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே ஒரு கப்பல் விற்கப்பட்டது. சிறைக்குள் இருந்துகொண்டு இந்தச் செய்தியையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிலைமையில் அந்த மனுஷன் உட்கார்ந்து என்ன மொழிபெயர்த்தார் தெரியுமா? ஜேம்ஸ் ஆலன் என்கிற ஆங்கிலேயர் 1903-ல் எழுதிய ஒரு சின்னப் புத்தகம். மனசு எப்படியோ வாழ்க்கை அப்படி என்பதுதான் அதன் சாரம். அதற்கு வ.உ.சி. வைத்த பெயர் 'மனம்போல வாழ்வு'. 1909-ல், அவர் சிறையில் இருக்கும்போதே அது வெளிவந்தது.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. ஏன்னு சொல்றேன். மனம்போல வாழ்வு என்றால், செக்கிழுக்கிற வாழ்வுக்கும் அவர் மனசுதான் காரணமா? கம்பெனி போனதுக்கு அவருடைய எண்ணம் சரியில்லாததுதான் காரணமா? கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டி போட்ட எதிர்க் கம்பெனிக்கும், அதுக்குத் துணை நின்ற அரசாங்கத்துக்கும் பொறுப்பில்லையா? இந்தக் கேள்வியை எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்தைப் பார்த்தும் கேட்கலாம், கேட்கணும். தோற்றவன் தலையிலேயே தோல்வியைக் கட்டிவிடுவது லேசு.

ஆனால் ஆலன் யார் என்று பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. அவரும் வசதியில் உட்கார்ந்து உபதேசம் செய்தவர் இல்லை. அப்பா பிழைப்புத் தேடி அமெரிக்கா போய் அங்கே கொலை செய்யப்பட்டார். பதினஞ்சு வயசுப் பையன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். பிற்பாடு குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, கடலோர ஊர் ஒன்றில் குடியேறி, சொந்தமா ஒரு சின்னப் பத்திரிகை நடத்தி எழுத்திலேயே வாழ்ந்தார். நம்ம கணக்கில் அவரும் ஒரு தனி எழுத்தாளர்தான். 1912-ல் இறந்தார். வ.உ.சி. விடுதலையானதும் அதே வருஷம், டிசம்பரில்.

வெளியே வந்தவருக்கு வரவேற்பு ஒன்றும் பெரிதாக இல்லை. வக்கீல் சன்னதைப் பறித்துவிட்டார்கள். சொத்து போச்சு. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வாடகை வீடு மாறி மாறிக் குடும்பம் நடத்தினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்த பணத்தைப் பற்றி 1915, 16-ல் காந்திக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். கடைசியில் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. அந்தப் பணம் அப்போது எவ்வளவு தேவையாக இருந்தது என்பது அந்தக் கடிதங்களிலேயே தெரியும்.

இப்போ அதே வருஷங்களுக்குப் பக்கத்தில் அவருடைய புத்தகப் பட்டியலை வைத்துப் பாருங்க. 1914-ல் ஆலனின் இன்னொரு நூலான 'அகமே புறம்'. அதே வருஷம் சொந்த நூல் 'மெய்யறம்', குறள் மாதிரி அதிகாரம் அதிகாரமாக, மொத்தம் 125. 1915-ல் 'மெய்யறிவு', 'பாடல் திரட்டு'. 1916-ல் 'வலிமைக்கு மார்க்கம்'. 1917-ல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரை. அரிசிக்கும் வாடகைக்கும் கணக்குப் பார்த்த அதே நாலு வருஷத்தில் ஆறு புத்தகம்! நான் மூணு வருஷமா ஒரு ஃபைலைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் எரிச்சல் போய் வேற ஒன்று தோணிச்சு. ஆலன் சொன்னது முழுக்க உண்மையா இல்லையா என்கிற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வ.உ.சி. அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? கப்பல் அவர் கையில் இல்லை, கோர்ட் அவர் கையில் இல்லை, ஜனங்கள் அவரை ஞாபகம் வைத்திருப்பதும் அவர் கையில் இல்லை. கையில் இருந்தது இன்னைக்கு எழுத வேண்டிய பக்கம். அதை எழுதினார். அதை அச்சாக்க யாரிடம் கேட்கணுமோ அவரிடம் கேட்டார். அடுத்ததை எடுத்தார். பயமே இல்லாமல் இருந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியலை. குடும்பத்தைப் பற்றிய கவலை நிறைய இருந்தது என்பது கடிதங்களில் தெரிகிறது. கவலையோடுதான் எழுதியிருக்கிறார்.

சரி, இது ஒருத்தர் கதை. ரெண்டாவது ஆளைப் பார்க்க ரயிலேறணும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெல்லை ஜங்ஷனில் செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினேன். இந்தப் பாதை ஆத்தோரமாகவே மேற்கே போகும். பேட்டை தாண்டி சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர். 1925-ல் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய், அவரும் இதே ஆற்றில்தான் போனார். அப்புறம் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். ரெண்டு பக்கமும் வயல், எதிரே மலை. அடுத்து கீழக்கடையம். நான் இறங்கியது அங்கேதான். இப்போ தென்காசி மாவட்டம், 2019 வரைக்கும் நெல்லை மாவட்டம்.

கடையம் செல்லம்மாவின் ஊர். பாரதியாரின் மாமனார் வீட்டு ஊர். பத்து வருஷ புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு 1918 நவம்பர் 20-ம் தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்தவரைக் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். மூணு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு டிசம்பர் 14-ம் தேதி வெளியே வந்தார். சும்மா விடவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்கணும், அரசியல் கூடாது, எழுதுவதை எல்லாம் சி.ஐ.டி. போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் வெளியிடணும். இதுதான் நிபந்தனை. அப்படித்தான் கடையம் வந்து சேர்ந்தார்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் யாரோ ஒருத்தர் நாலு வார்த்தை மட்டமா எழுதிருவாரோ என்றுதான் பயம். அந்த ஆளுக்கு முதல் வாசகரே போலீஸ். அதுவும் புதுசு இல்லை. 1911-லேயே அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ரெண்டையும் சென்னை சர்க்கார் தடை செய்திருந்தது. கையெழுத்துப் பிரதிகள் மூட்டையாகக் கிடந்தன, அச்சானவை கொஞ்சம்தான். வருமானம் கிடையாது. அக்கிரகாரத்தில் ஒத்துப் போகவில்லை. 1919 மே மாதம் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதிப் பார்த்தார். பயம் இல்லை என்று ஊருக்கே பாடியவர், பிழைப்புக்காக ஜமீன் வாசலுக்குக் கவி அனுப்பினார். உதவி வரவில்லை. நான் இதை அவருக்குக் குறையாகச் சொல்லவில்லை. நமக்கு இருக்கிற பயமெல்லாம் பெரிய ஆட்களுக்கும் இருந்திருக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1920 ஜூன் மாதம் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன்னுடைய கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போடப் போகிறேன். ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி. ஆரம்பச் செலவு இருபதாயிரம் ரூபாய். ஒரு வருஷத்துக்குள், மிஞ்சினால் ரெண்டு வருஷத்துக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் வரும். தலைக்கு நூறு ரூபாயாவது கடன் அனுப்புங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீட்டுக்கு வீடு விற்கிறதோ, அதைவிட சாதாரணமாக, அதைவிட வேகமாக இந்தப் புத்தகங்கள் விற்றுவிடும் என்கிற மாதிரி எழுதியிருந்தார்.

நாற்பதைப் பத்தாயிரத்தால் பெருக்குங்க. நாலு லட்சம் பிரதி! நூத்துக்குச் சுமார் தொண்ணூறு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத சென்னை மாகாணத்தில். இன்னைக்கு நம்மில் ஒருத்தர் சொந்தமாகக் கவிதைத் தொகுப்பு போட்டால் முந்நூறு பிரதி அடிக்கவே யோசிப்போம்.

பணம் வரவில்லை. திட்டம் நடக்கவில்லை. நிபந்தனைகள் நீங்கிய பிறகு 1920 கடைசியில் சென்னைக்குப் போய் மறுபடி சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறந்துபோனார். முப்பத்தெட்டு வயசு. 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' ரெண்டாம் பாகம் எல்லாம் புத்தகமாக வந்ததே அவர் போன பிறகுதான்.

இந்தச் சுற்றறிக்கையைப் படிக்கிற பல பேர் பாவம், உலகம் தெரியாத கவிஞன் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் சிரிச்சிருக்கேன். கடையத்தில் நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கத்துப் பாறை மேல் உட்கார்ந்து யோசித்தபோது வேற மாதிரி தெரிந்தது. அது கனவு என்றாலும் கணக்கு போட்ட கனவு. எத்தனை புத்தகம், எத்தனை பிரதி, எவ்வளவு முதல், எவ்வளவு நாள், யாரிடம் கேட்பது. எல்லாம் எண்ணில் இருக்கிறது. மூட்டையில் கிடக்கிற தாள்களைப் பார்த்து இது தேறுமா தேறாதா என்று மனசுக்குள்ளேயே புழுங்காமல், அதை ஒரு வேலையாக மாற்றி வெளியே வைத்துவிட்டார். வேலை தோற்றது. எழுத்து தோற்கவில்லை. ரெண்டும் வேற வேற என்பது நம்ம மாதிரி ஆட்களுக்குப் புரிய ரொம்ப நாள் ஆகும்.

விற்பனைக் கணக்கில் அவர் தப்பு செய்ததும் எண்ணிக்கையில் என்று எனக்குத் தோணலை. காலத்தில்தான். அவர் மறைவுக்கு அடுத்த வருஷம், 1922-ல், செல்லம்மா 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் அவருடைய பாடல்களை வெளியிட ஆரம்பித்தார். கடையத்துப் பெண் ஒருத்தர் பதிப்பாளர் ஆகிறார், அதுவும் அந்தக் காலத்தில்! அப்புறம் பாரதி பிரசுராலயம் வந்தது. 1928-ல் அந்தப் பாடல்களையே சர்க்கார் பறிமுதல் செய்தது, பிறகு விட்டது. 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கியது, பிற்பாடு அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அதற்கப்புறம் எத்தனை பதிப்பு, எத்தனை லட்சம் பிரதி என்று யாரும் எண்ணி முடிக்க முடியாது. தீப்பெட்டிக் கணக்கு பலித்துவிட்டது. பார்க்கத்தான் அவர் இல்லை.

இதை "நம்பிக்கை வைத்தால் ஜெயிக்கலாம்" என்று முடித்துவிட எனக்கு மனசு வரலை. அவர் நம்பிக்கை அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கவில்லை. செல்லம்மாவும் ரெண்டு பெண் பிள்ளைகளும் பட்டது அந்த நம்பிக்கையில் காணாமல் போய்விடாது. இப்போ கடையத்தில் 2022-ல் வைத்த சிலை இருக்கிறது. பாரதி செல்லம்மாவின் தோளில் கை போட்டு நிற்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு வந்த முதல் எண்ணம், அந்தக் கையின் கனத்தைத் தாங்கின தோள் அது என்பதுதான்.

அங்கேதான் மூணாவது ஆள் ஞாபகம் வந்தார். வ.உ.சி. கதையிலும் பாரதி கதையிலும் ஓரமாக நிற்கிற ஒருத்தர். பரலி சு. நெல்லையப்பர்.

1889-ல் நெல்லைச் சீமையில் பரலிக்கோட்டையில் பிறந்தவர். சுதேசிக் காலத்தில் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு இருந்தார். வ.உ.சி. கோவைச் சிறையில் இருந்தபோது, அவருக்கு உதவுவதற்காகவே கோயம்புத்தூரில் போய்த் தங்கினார். பாரதிக்கு இவர் தம்பி. 1915 ஜூலையில் பாரதி இவருக்கு எழுதிய நீளமான கடிதம் இன்றைக்கும் படிக்கப்படுகிறது. எழுது, தைரியமாக இரு என்று தம்பியைத் தட்டிக் கொடுக்கிற கடிதம். தம்பி என்ன செய்தார்? 1917-லேயே, பாரதி புதுச்சேரியில் ஒதுங்கிக் கிடந்தபோது, சென்னையில் 'கண்ணன் பாட்டு' அச்சடித்தார். 'நாட்டுப் பாட்டு', 'பாப்பா பாட்டு', 'முரசு' எல்லாமும் அவர் கைவண்ணம்தான். சின்னச் சின்னப் புத்தகங்கள். வருங்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் இவற்றைப் பாடி மகிழ்வதை இப்போதே பார்க்கிறேன் என்கிற பொருளில் முன்னுரையும் எழுதினார். 1919-ல் 'கண்ணன் பாட்டு' ரெண்டாம் பதிப்பும் வந்தது, வ.வே.சு. ஐயர் முன்னுரையோடு.

நாலு லட்சம் பிரதிக்கான திட்டம் காகிதத்தில் நின்றது. நெல்லையப்பர் போட்ட சின்னப் புத்தகங்கள் ஜனங்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நெல்லையப்பரிடம் பணம் கொட்டிக் கிடந்ததா? இல்லை. பின்னாளில் 'லோகோபகாரி' நடத்தினார், வ.உ.சி.யின் வாழ்க்கையை எழுதினார், 1971 வரைக்கும் இருந்தார், அதிகம் பேருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். வ.உ.சி.க்கும் பாரதிக்கும் பயம் போனதால் எழுதவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் ரெண்டு பொருளை வைத்துக்கொண்டார்கள். ஒன்று, எண்ணி முடிக்கக் கூடிய ஒரு வேலை: இத்தனை அதிகாரம், இத்தனை பிரதி. இன்னொன்று, கூட நிற்கிற ஒரு ஆள். தனி எழுத்தாளர் என்கிற வார்த்தையிலேயே ஒரு பொய் இருக்கிறது பாருங்க. தனியா எழுதலாம். தனியா பயப்பட ஆரம்பித்தால் ஃபைல் பீரோவை விட்டு வெளியே வராது.

சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பி வந்தேன். மறுநாள் ஆபீஸ் முடிந்து டவுனுக்குப் போனேன். கீழ ரத வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் தெரிஞ்ச அச்சகம் ஒன்று இருக்கு. கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, நோட்டீஸ்தான் அங்கே வேலை. பச்சை ஃபைலை மேசை மேலே வைத்தேன்.

"அண்ணாச்சி, நூறு காப்பி போட்டா எவ்வளவு ஆகும்?"

அவர் பக்கத்தைப் புரட்டிக்கிட்டே, "ஆகுறது ஆகட்டும் தம்பி. நூறையும் யாருக்குக் குடுக்கப் போறீய?" என்றார்.

நான் முழிச்சேன். விற்குமா விற்காதா என்று மூணு வருஷமா யோசிச்சவன், யாருக்குக் கொடுப்பது என்று ஒரு நாளும் யோசிச்சதில்லை.

"படித்துறையைப் பத்தி எழுதியிருக்கீய. கதை சொன்ன ஆளுங்க இருப்பாங்கல்லா? முதல்ல அவங்க பேரை எழுதுங்க. அதுக்கப்புறம் எத்தனை மிச்சம்னு பாப்போம்" என்று ஒரு பழைய நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டினார். பேனாவும் கொடுத்தார்.

எழுதினேன். முப்பத்தி நாலு பேர் வந்தது. அதில் ஆறு பேர் இப்போ இல்லை. அவங்க வீட்டுப் பிள்ளைகள் பேரைப் போட்டேன். அந்த ஆறு பேருக்காவது மூணு வருஷம் முன்னாடியே கொடுத்திருக்கலாம். பயத்துக்கு நான் கட்டிய வட்டி அதுதான்.

"மிச்சம் அறுவத்தாறு" என்றார் அண்ணாச்சி. "அது ஒண்ணும் பெரிய காரியமில்ல. பயப்படாதீய."

பயமாத்தான் இருக்கு. அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டேன். இப்போ பிழை திருத்திக்கிட்டிருக்கேன், இந்த வாரம் நாற்பது பக்கம். பீரோவில் பத்திரத்துக்குக் கீழே இடம் காலியா இருக்கு.

உங்க வீட்டு பீரோவுல என்ன இருக்கு? அதைவிட முக்கியமா, உங்க நெல்லையப்பர் யாரு? இல்லேன்னா, நீங்க யாருக்கு நெல்லையப்பரா இருக்கப் போறீங்க? சொல்லுங்க மக்களே.